கரண்டியால் இரண்டு தட்டு

எலிக்கு நன்றாக நீந்தத் தெரியும், பிடிக்கத்தான் பிடிக்காது. எனக்கு மாமியார் வீட்டு விருந்து மாதிரி. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. மெதுவாகத்தான் சொல்வேன். அவசரப்படும் வயது தாண்டிவிட்டது.

கொரியத் தென்கரையில், மொக்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பத்தொன்பது வருடம் எலிகளைப் பார்த்துக்கொண்டேன். தீனி போடும்போது கூண்டுக் கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். தூங்குகிற எலியும் ஓடி வரும். ஒன்று பதிலுக்கு வாலால் இரண்டு தட்டு தட்டும். நம்ப மாட்டீர்கள், விட்டுவிடுவோம்.

கடற்பாசியை நுண்ணலையால் உலர்த்தும் எந்திரம் ஒன்று வந்தது. கசிகிற அலை, பக்கத்தில் உட்காருகிறவர்களின் மூளையைக் கெடுக்குமா என்று பார்ப்பது டாக்டர் தாக் உன்ஹே அம்மாவின் வேலை. பாதி எலிகளுக்கு ஆறு வாரம் அலை காட்டினோம். பிறகு ஞாபகசக்தியைச் சோதிக்க எல்லாவற்றையும் தொட்டியில் விட்டோம். பால்பொடி கலந்த தண்ணீர். விரல்கடை ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடை. பழகிய எலி எட்டு நொடியில் ஏறிவிடும். அலை பட்டவை சுவரோரமாகவே சுற்றின. தொண்ணூறு நொடி பார்த்துவிட்டு நான் குனிந்து தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது எலி. எனக்கோ இடுப்பு வலி. அவற்றின் முகமும் பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் மேடைப் பக்கமாக நின்று, தொட்டி விளிம்பில் இரண்டு தட்டு தட்டினேன். எலி திரும்பியது, ஏறியது. ஒன்பது நொடி. அதன்பிறகு அலை பட்ட எல்லாவற்றுக்கும் தட்டினேன். ஓரவஞ்சனை என்று சொல்லாதீர்கள், மற்றவற்றுக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த அறையில் மூளை அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஒரு நாள் தாளோடு வந்தார்.

"போங் ஐயா, மூளை அலை ரொம்ப மந்தமா இருக்கு. நீச்சல் மட்டும் எப்படி இவ்வளவு ஜோரா இருக்கு? நீங்க ஏதும் செய்யலையே?"

"கடிகாரம் பிடிக்கிறதைத் தவிர எனக்கு என்னம்மா தெரியும்?"

ஞாபகத்துக்குக் கேடில்லை என்று அறிக்கை போயிற்று. அந்த இலையுதிர் காலத்தில், செத்த எலிகளுக்கு வருடாவருடம் செய்யும் படையலில், அவற்றின் நினைவுக்கல்லின் முன் ஆப்பிள் வைத்துக் கும்பிட்டேன். மனசு லேசாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பாசி ஆலை அந்த எந்திரத்தில் நான்கு வாங்கியது. என் மனைவி ஒக்புன் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள்.

"ஏங்க, அது பக்கத்துல உக்காரலாமா? நீங்கதானே எலி வாத்தியார், சொல்லுங்க."

"எலிக்கே ஒண்ணும் ஆகலை. உனக்கென்ன?"

"பொண்டாட்டியையும் எலியையும் ஒரே தராசுல வைக்கிற ஒரே புருஷன் நீங்கதான்," என்று சிரித்தாள். ஏழு வருடம் அந்த எந்திரத்தின் வாயருகே உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்ல ஏழு வருடமும் எனக்கு நேரம் இருந்தது. களைப்பாகவும் இருந்தது.

வீட்டு வழி மறந்துபோன பதினோரு ஆலைப் பெண்களைப் பற்றிக் கேட்கிறீர்கள். மற்ற பத்துப் பேரை எனக்குத் தெரியாது. ஒக்புன் நன்றாகத்தான் இருக்கிறாள். சந்தையிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் சுவரோரமாகச் சுற்றுவாள், அவ்வளவுதான். நான் வாசல் இரும்புக் கதவில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவேன். திரும்பிப் பார்த்து, நேராக வந்துவிடுவாள்.

நேற்று கடிகாரம் பிடித்தேன். பதினோரு நொடி. கேடில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.