கருணை மதிப்பெண்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர் நெர்மீன், மருந்து கலக்கும் ஷௌகி, விசாரிக்க வெளியிலிருந்து வந்த இரண்டு பெரிய மருத்துவர்கள், ரத்தப் பரிசோதனைக் கூடத்து ரிஃபத்தாகிய நான். ஏசி ஓடவில்லை. கெய்ரோவின் ஆகஸ்டில் அது சாதாரணம்.

நான்கு குழந்தைகள் செத்திருந்தார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத புற்றுநோய்க்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. கட்டி சுருங்கியது. பிள்ளைகள் காய்ச்சலில் போனார்கள். எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள்.

"கலக்குற அளவுல கை தவறிச்சா, ஷௌகி?" என்று கேட்டார் டாக்டர் நெர்மீன்.

"என் கை தவறாது, டாக்டர். அம்மாக்காரிங்கள விசாரிங்க. தெருக்கடைக் கொஷரிச் சோத்த ஒளிச்சு வெச்சு ஊட்டுறாங்க."

"கொஷரி கொல்லும்னா இந்த ஊர்ல ஒருத்தர் மிஞ்சியிருக்க மாட்டாங்க."

என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் வேலை எளிது. ஒவ்வொரு மருந்துச் சுற்றுக்கும் முன்னால் குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணிச் சொல்ல வேண்டும். குறைவாக இருந்தால் மருந்து கிடையாது, உடம்பு தாங்காது. அடுத்த முறையும் குறைந்தால் சோதனையிலிருந்தே நீக்கிவிடுவார்கள். வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான். தாய்மார்கள் இதைப் பரீட்சை என்பார்கள். "உஸ்தாத், எம் புள்ள பாஸா?" என்று கதவருகில் நிற்பார்கள்.

எங்கள் நாட்டுப் பள்ளிப் பரீட்சையில் கொஞ்சம் குறைந்தவனுக்குக் கருணை மதிப்பெண் போட்டு ஏற்றிவிடுவது வழக்கம். நானே அப்படித் தேறியவன். அதனால் யாருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

சோஹாகிலிருந்து வந்தவள் உம்மு ரௌதா. மகள் ரௌதாவுக்கு எண்ணிக்கை ஒருமுறை குறைந்துவிட்டது.

"இன்னொரு தடவ தவறினா ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். கொஞ்சம் கூடப் போட்டு ஏத்திவிடுங்க உஸ்தாத். உங்க புள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

"எனக்குப் புள்ளைங்க இல்லம்மா."

"அப்ப இதுங்கல்லாம் யாராம்?"

நியாயமான கேள்வி.

பொய் எண் எழுதுவது எனக்குப் பிடிக்காது. என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, ரௌதாவின் பரிசோதனைக் குழாயில் கொஞ்சம் விட்டுக் கலக்கி, இயந்திரத்தில் வைத்தேன். என் ரத்தம் யாரோடும் ஒத்துப்போகிற வகை. இயந்திரம் உள்ளதை உள்ளபடி எண்ணியது. ஓர் எண்ணைக்கூட நான் திருத்தவில்லை.

ரௌதா பிழைத்தாள். கட்டி பாதியானது. அதன்பிறகு மற்றப் பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டுவது சரியில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் செய்தேன். கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கும் செய்தேன். அவர்களில் நான்கு பேர் போய்விட்டார்கள். நால்வரும் பாஸாகித்தான் போனார்கள்.

வெளி மருத்துவர்களில் மூத்தவர் பேனாவை மூடினார். "இந்தக் கூட்டு மருந்துதான் விஷம். சோதனைய நிறுத்திடலாம்" என்றார்.

நிறுத்தினால் ரௌதா ஊருக்குப் போக வேண்டும். அதனால் மட்டுமே வாய் திறந்தேன். "மருந்து மேல பழி போடாதீங்க, சார்" என்று ஆரம்பித்து, இங்கே சொன்னதையெல்லாம் அங்கேயும் சொன்னேன். ஷௌகி என் முழங்கையின் உள்பக்கத்து ஊசித் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரௌதாவ நீக்கிடாதீங்க, டாக்டர்" என்று முடித்தேன். "இன்னிக்குக் காலைலகூடப் பாஸாயிட்டா."

டாக்டர் நெர்மீனின் குரல் இறங்கிவிட்டது. "உண்மையில எவ்வளவு இருந்துச்சு, ரிஃபத்?"

"ஒண்ணுமே இல்ல, டாக்டர். அதான் வழக்கத்தைவிடக் கூடுதலாவே கொடுத்தேன்."

"அவளுக்கு மருந்து ஏறிக்கிட்டிருக்கு" என்றார் ஷௌகி.

டாக்டர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மற்றவர்களும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், அந்தப் பிள்ளைக்கு என்னைத் தெரியும், நான் பக்கத்தில் இருந்தால் அழமாட்டாள். ஷௌகி என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளி உட்காரவைத்தார். குழந்தைகளை விட்டுவிட்டு ஓடுகிற ஆளா நான்? அவர் கடைசி ஆளாக வெளியே போய், கதவைச் சாத்திப் பூட்டினார்.