தட்டும் ஒலியும் இசையின் பகுதியே

உங்கள் மின்விசிறிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்குக் காதுதான் தொழில். பிழைப்பு என்று சொல்லவில்லை. பிழைப்பு என் மனைவியின் வங்கி உத்தியோகத்தில் ஓடியது.

நான் சோதனை இசைக்காரன். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், தண்ணீர்க் குழாயின் விக்கல், காகிதம் கிழிபடும் ஓசை, இவற்றை மைக் வைத்துப் பிடித்து, நீட்டி, மடித்து வாசிப்பேன். மாத இதழ் ஒன்றில் இசை பற்றிப் பத்தி எழுதினேன். பழைய அச்சகக் கூடம் ஒன்றில், யார் வாசிக்கலாம், யார் வீட்டோடு இருக்கலாம் என்று பொறுக்கியெடுத்து ஆண்டுதோறும் விழாவும் நடத்தினேன். வாசிப்பதும் நானே, அதைப் பற்றி எழுதுவதும் நானே, வாசிக்கக் கூப்பிடுவதும் நானே. வேறு யாருக்கும் தகுதி இல்லாதபோது என்ன செய்வது?

விழாவுக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வாக்குமூலம் வாங்கியிருப்பீர்கள். கறுப்புச் சட்டை, தோளில் துணிப்பை, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலையாட்டல். கூடத்துக் கழிவறையில் குழாய் ஒழுகியதைக்கூடப் பரவசத்தோடு குறிப்பெடுத்தவர்கள். என் மாமனார் ஒருவர்தான் நேர்மையானவர். ஒருமுறை முதல் வரிசையில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை, எப்போ ஆரம்பிப்பீங்க?" என்றார்.

"முடிஞ்சுடுச்சு மாமா."

"அப்படியா? நல்லவேளை, நடுவுல எழுந்து வீட்டுக்குப் போகல."

அவருடைய மகன்தான், என் மனைவியின் தம்பி, இறந்துபோன என் மச்சான். விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவன். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பள்ளிக்கூடத்தில் 'இழுப்பு' என்று பட்டப்பெயர். அதை அவனே சொல்லிச் சிரிப்பான். ரோஷம் இல்லாத ஜென்மம்.

ஒரு விழாவில் எனக்காகப் பெரிய ஸ்பீக்கரைப் படியேற்றிக் கொண்டுவந்து, திரைக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் மைக் திறந்திருந்தது அவனுக்குத் தெரியாது. அவன் நெஞ்சின் விசில் கூடம் முழுக்கக் கேட்டது. கீச்சென்று ஏறும், கரகரவென்று இறங்கும். அந்த அறிவாளிகள் அதை முதல் உருப்படி என்று நினைத்துவிட்டார்கள். எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு நான் என் குளிர்சாதனப் பெட்டியோடு மேடையேறினேன். பாதிப் பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. நெஞ்சில் மைக்கை ஒட்டிக்கொள்வான். நிகழ்ச்சிக்கு முன் படிக்கட்டில் ஏறி இறங்கி இழுப்பை வரவழைப்பான். முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து உறிஞ்சிச் சரியாகிவிடுவான். 'மூச்சின் சிற்பி' என்று எழுதினார் ஒரு விமர்சகர். சிற்பிக்கு அறிமுக உரை எழுதியது யார்? நான்தான். அவனால் நாலு வரி கோவையாகப் பேச முடியாது.

வெளிநாட்டு விழா ஒன்று அழைத்தது. என்னை அல்ல.

"மாமா, எனக்கு ஒண்ணும் புரியல," என்றான். "நின்ன இடத்துல மூச்சு வாங்கறேன். அதுக்குப் பிளேன் டிக்கெட்டா?"

"கலைன்னா அப்படித்தான்டா."

"நீங்க இல்லாம வரமாட்டேன்னு சொல்லிட்டேன். உங்க பேரையும் போடறாங்களாம்."

போட்டிருந்தார்கள். உதவியாளர் என்று.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பொறாமைப்பட எதிரில் சமமான ஆள் வேண்டும். அவன் ஓர் ஓட்டைத் துருத்தி. அதைச் சங்கீதம் என்று கும்பிட்டவர்கள் செவிடர்கள். அவர்களுக்குக் காது இல்லை என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

இந்த ஆண்டு விழாவுக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்தேன். ஓர் ஆள் நிற்கலாம். காற்றுக்கு மேலே துளைகள் உண்டு. நான் கொடூரன் இல்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். உள்ளே எழும் சத்தம் அவன் நெஞ்சு மைக் வழியாக மட்டுமே வெளியே வரும். முடியாமல் போனால் கண்ணாடியைத் தட்டுவது, நான் உடனே திறப்பது என்று எங்களுக்குள் ஏற்பாடு. என்மேல் அவனுக்கு அத்தனை நம்பிக்கை.

நிகழ்ச்சிக் குறிப்பை வழக்கம்போல நானே எழுதினேன். 'கலைஞர் மூச்சுக்குப் போராடுவார். கையசைப்பார். கதவைத் தட்டுவார். தட்டும் ஒலியும் இசையின் பகுதியே. தயவுசெய்து குறுக்கிடாதீர்கள்.' நான் எழுதியவற்றில் இவர்கள் வரிக்கு வரி மதித்தது இது ஒன்றைத்தான்.

அன்று அவன் படிக்கட்டில் ஓடப் போனபோது சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். பையில் இருந்த இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, தீர்ந்துபோன ஒன்றை வைத்தேன். வேறு எதுவும் செய்யவில்லை. மிச்சத்தைச் செய்தது கூடம்.

திரும்பி வந்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் போனான், நான் தாழ்ப்பாள் போட்டேன். இழுப்பு ஏறியது. இன்ஹேலரை எடுத்து அழுத்தினான், உதறினான், மறுபடி அழுத்தினான். தட்டினான். கறுப்புச் சட்டைகள் கண்ணை மூடித் தலையாட்டின. என் மனைவி மட்டும், நான் ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்த மிக்ஸர் மேசைக்கு ஓடி வந்தாள்.

"ஏங்க, அவன் உதடு நீலமாகுது. கதவத் தெறங்க."

"உட்காரு. அது பாவனை."

"என் தம்பிய எனக்குத் தெரியாதா?"

"மேடம், ப்ளீஸ்," என்றார் பின்வரிசையில் ஒருவர். "நோட்டீஸ்ல போட்டிருக்கு, படிக்கலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். இசை என்றால் என்னவென்று தெரியாதவள் என்று பலர் முன்னால் அவளைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. போய் உட்கார்ந்தாள்.

அவன் கண்ணாடியோடு சரிந்து இறங்கிய பிறகு நிசப்தம். அதையும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்போதுதான் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

நிறைந்த இன்ஹேலரை, துவைக்கப் போட்ட என் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து, என் மனைவிதான் உங்களிடம் கொண்டுவந்தாள். சரிதான். கொன்றது நான். ஆனால் கூடம் நிறைய ஆள் இருந்தும் ஒருவர்கூட எழுந்து கதவைத் திறக்கவில்லை என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: அன்றைய நிகழ்ச்சியின் ஒலிப்பதிவில் ஓர் இடத்தில் மட்டும் ஒலி ஏன் அடியோடு அடங்கி, பிறகு ஏறுகிறது என்று. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் என் விரலடியில் இருந்தது. அந்த இடத்தில் அவன் என்னைப் பார்த்து, "மாமா... மாமா..." என்று கூப்பிட்டான். மூச்சிசையில் சொல் கலக்கக் கூடாது, கலந்தால் அசிங்கம். அதனால் இறக்கினேன். இப்போது அந்த இடத்தில் ஒன்றுமே கேட்காது. வீட்டில் போட்டுக் கேட்கும்போது, அந்த இடம் வருவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறேன். அதுவும் இசைக் காரணத்துக்காகத்தான்.