கிளீட்டஸோட கறிமீன்

...இந்தக் கூட்டத்துல எனக்கு முன்னாடி பேசின ஐயா, 'எல்லாத்துக்கும் நன்றி சொல்லுங்க'ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. நல்ல மனுஷன். ஆனா நான் அப்போ உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். வெள்ளம் வடிஞ்சுடுச்சு. வீட்டுக்குள்ள சேறு கிடக்கு. பீரோ, பாய், பிள்ளைங்க புஸ்தகம், எல்லாம் போச்சு. எதுக்கு நன்றி சொல்றது... சேத்துக்கா?

எனக்கும் பதில் தெரியாது. காலேஜ பாதியில விட்டுட்டு வந்தவன் நான், விளக்கமெல்லாம் வராது. ஆனா கதை ஒண்ணு இருக்கு. சின்னதுதான். கேக்குறீங்களா?

குமரிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரு. அங்க மெற்றில்டான்னு ஒரு அக்கா. அவ வீட்டுக்காரன் கிளீட்டஸ், மீன் பிடிக்கிறவன். ஒரு சின்னப் பிள்ளை. ஒரு நாள் கிளீட்டஸும் கூட்டாளிங்களும் வள்ளத்துல போனாங்க. காத்து மாறிச்சு. வள்ளம் கவுந்துச்சு. கூட்டாளிங்க எல்லாரும் நீந்திக் கரை ஏறிட்டாங்க. கிளீட்டஸ் ஏறல.

தேடினாங்க... தேடினாங்க... உடம்பும் கிடைக்கல.

உடம்பு கிடைச்சா கட்டிப் பிடிச்சு அழுதுடலாம். கிடைக்கலன்னா? அழுதா, அவன் செத்துட்டான்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. அழலன்னா, நெஞ்சு வெடிக்குது. எந்தப் பக்கம் திரும்புவா அவ?

அடுப்பு பத்த வைக்கல. பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு றோஸ்லெட்தான் சோறு போடுறா. இவ வாயில ஒண்ணும் வைக்கிறதில்ல. உடம்பு உருகிக்கிட்டே போகுது. சொந்தக்காரங்க வந்தாங்க. "கோயில்ல அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வச்சு முடிச்சிருவோம் மெற்றி"ன்னாங்க. இவ கேட்டா, "எத முடிக்கப் போறிய?"

வந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க.

கொஞ்ச நாள் கழிச்சு அந்தக் கூட்டாளிங்க வள்ளத்த சரி பண்ணி மறுபடியும் கடலுக்குப் போனாங்க. போகாம? வயிறு இருக்குல்ல?

இப்போ ஒரு விஷயம் சொல்லணும். விக்கிற மீன் வேற. அதுக்கு முன்னாடி ஆளுக்குக் கொஞ்சம் மீன் எடுத்து ஒதுக்குவாங்க, வீட்ல குழம்பு வைக்க. அதுக்குப் பேரு கறிமீன். அன்னைக்குக் கடலுக்குப் போனவனுக்குத்தான் அது. காய்ச்சல்ல படுத்துக் கிடந்தா கிடையாது. கரையில நின்னு வேடிக்கை பாத்தா கிடையாது. போனவனுக்கு மட்டும்.

வள்ளம் வந்துச்சு. கிளீட்டஸோட கூட்டாளி சூசை, பனையோலைப் பெட்டியில மீனோட மெற்றில்டா வாசல்ல வந்து நிக்கிறான்.

"மயினி... கறிமீன்." அண்ணிய அந்தப் பக்கம் மயினின்னுதான் கூப்பிடுவாங்க.

அவ பாத்தா. "எங்க வீட்ல இருந்து கடலுக்கு யாரு போனா? பிச்சை போடுறியளோ?" பெட்டிய எத்திவிட்டா. மீனெல்லாம் மணல்ல. பூனைங்களுக்குக் கொண்டாட்டம்.

சூசை காலிப் பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அடுத்த தடவை வந்தான். எத்தினா. அதுக்கு அடுத்த தடவையும் வந்தான். அவ ஏசுறா, சாபம் விடுறா, "நீ மட்டும் எப்பிடிலே கரை ஏறுன?"ன்னு கேக்குறா. அந்தக் கேள்விய வாங்கிக்கிட்டு ஒருத்தன் நிக்கணும்னா எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. நின்னான்.

அப்புறம் ஒரு நாள் கடல்ல ஒண்ணுமே கிடைக்கல. வலையில பாசிதான் வந்துச்சு. பேருக்குக் கொஞ்சம் மீனு. சூசை வந்தான். பெட்டி கூட இல்ல, கையில ஒரே ஒரு அயிலை மீனு.

அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு, கசப்பா. "இத எதுக்குலே தூக்கிட்டு வந்தே? உன் பொண்டாட்டிக்காவது கொண்டு குடு."

"அவளுக்கும் ஒண்ணு இருக்கு மயினி. ஆளுக்கு ஒண்ணுதான் வந்துது."

"என் வீட்டுக்கு ஏம்லே வருது?"

அப்போதான் சூசை காரணத்தச் சொன்னான். "கடலுக்குப் போனவனுக்குக் கறிமீன் உண்டுல்லா மயினி. கிளீட்டஸ் எங்க கூடத்தான் போனான். இன்னும் கரை ஏறல. அதுக்காவ அவன் பங்க நாங்க எப்பிடி எடுப்போம்?"

அவ கேட்டா, "அப்போ வருவானா சூசை?"

"தெரியாது மயினி."

வருவான்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. பொய் சொல்லி ஆறுதல் தர அவனுக்கு மனசு வரல. மீன வாசப்படியில வச்சுட்டுப் போயிட்டான்.

அன்னைக்கு அவ அத எத்தல. கையில எடுத்தா. உள்ள போனா. சுவத்துக்கு அந்தப் பக்கம் குரல் குடுத்தா, "றோஸ்லெட்டு... கொஞ்சம் புளி இருந்தா தா பிள்ளே."

றோஸ்லெட் புளியோட ஓடி வந்தா. குனிஞ்சு அடுப்பு ஊத ஆரம்பிச்சா. மீன வெட்டிக்கிட்டே மெற்றில்டா அழுதா. அவன் போனதுக்கு அப்புறம், அன்னைக்குத்தான் முதல் தடவையா அழுதா.

கிளீட்டஸ் வந்தானான்னு கேப்பீங்க. வரல. இன்னைக்கு வரைக்கும் வரல. நீங்க அதத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கீங்கன்னு தெரியும், அதான் நேரா சொல்லிடுறேன்.

அப்போ இந்தக் கதைய எதுக்கு உங்ககிட்ட சொல்றேன்?

மெற்றில்டாகிட்ட அன்னைக்கு யாராவது 'நன்றி சொல்லு'ன்னு சொல்லியிருந்தா, அந்த மீன் வெட்டுற கத்தி அவங்க மேல பறந்திருக்கும். நியாயந்தான். புருஷனக் கடலுக்குக் குடுத்தவ எதுக்கு நன்றி சொல்லணும்? ஆனா புளி கேட்டா பாருங்க... அதான் அவ சொன்ன நன்றி. அதுக்கு மேல அவகிட்ட இல்ல. உங்ககிட்டயும் இல்லன்னா பரவாயில்ல. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

நம்பிக்கைன்னா 'எல்லாம் சரியாயிடும்'னு நினைக்கிறதுன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. சரியாகாமலே போகலாம். நீ ஏசினாலும், எத்தினாலும், உன் பங்க எடுத்து வச்சுக்கிட்டு ஒருத்தன் வாசல்ல வந்து நிக்கிறான் பாரு... எனக்குத் தெரிஞ்ச நம்பிக்கை அவ்வளவுதான். ரொம்பச் சின்னது. ஒரு அயிலை அளவு.

உங்க வாசல்லயும் யாரோ வந்து நிப்பாங்க. ஒரு குடம் நல்ல தண்ணியோ, காஞ்ச போர்வையோ கையில இருக்கும். போன எதையும் அது திருப்பித் தராது. அவங்களுக்கும் அது தெரியும்.

வாங்கிக்கோங்க... அது போதும்.