கைக்குத் தெரிந்த இடம்

டீ ஆறுகிறது, குடியுங்கள் அப்பு. ஏலக்காய் தட்டித்தான் போட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வெள்ளைத்துரை போடி ஏலக்காய் கிட்டங்கியில் காய் தரம் பிரித்தவர். பெருங்காய், சிறுகாய், வெடித்த காய் என்று கூடைகள் சுற்றியிருக்கும். அவர் கூடையைப் பார்க்கவே மாட்டார். பக்கத்து ஆளின் முகத்தைப் பார்த்துக் கதை பேசிக்கொண்டே போடுவார். கைக்கு இடம் தெரியும்.

பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போயின. பேச்சுப் பயிற்சி தரும் சுஜாதா ஒரு பட அட்டை கொண்டுவந்து, கட்டிலை ஒட்டி இடப்பக்கச் சுவரில் மாட்டினாள். தண்ணீர், சோறு, சிரிக்கும் முகம், அழும் முகம். அழும் முகம் என்றால் வலிக்கிறது. படங்களை வசதிப்படி பிய்த்து மாற்றி ஒட்டலாம் என்றாள். அழும் முகம் அவர் கையருகே இருந்தது.

அவர் படுக்கையை நனைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகளுக்குச் செய்வதுதான், கரண்டியை அடுப்பில் காயவைத்து இடுப்பில் லேசாகத் தொட்டேன். புத்தி வரட்டும் என்று.

சிலமலையிலிருந்து அவர் தங்கை மாயக்காள் வந்தாள். அவர் அழும் முகத்தையே தொட்டார்.

“என்ன மதினி, அண்ணே வலிக்குதுங்குது?”

“அதுக்கு வேற சோலி என்ன ஆத்தா? நீ வெரசாக் கிளம்பு, பஸ்சு போயிரும்.”

சுஜாதாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனாள்.

நான் எதையும் எறியவில்லை. சிரிக்கும் முகத்தைக் கையருகே ஒட்டினேன். அழும் முகம் கால்மாட்டுப் பக்கம் போனது. அவ்வளவுதான்.

இருவரும் வந்தார்கள். அவர் சுஜாதாவின் கண்ணையே பார்த்தபடி கையருகே இருந்த படத்தைத் தட்டினார். நகம் மடங்கும்வரை தட்டினார்.

“அடேயப்பா, ஐயா எம்புட்டுச் சந்தோசமா இருக்காரு!” என்றாள் சுஜாதா.

“கண்ணு கலங்குதே மதினி?”

“தங்கச்சியப் பாத்த பூரிப்பு.”

மாயக்காளும் சிரித்துவிட்டாள். அவர்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அவர் தலையைத் திருப்பி அட்டையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கால்மாட்டை நோக்கிக் கை நீண்டது, எட்டவில்லை.

பிறகு அவர் அட்டையைத் தொடவே இல்லை. குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இடுப்பில் சீழ் பிடித்து வாடை வந்தபோது சாம்பிராணி போட்டேன்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்று கேட்கிறீர்கள். அந்தப் படம் அதே சுவரில்தானே இருந்தது, அப்பு. ஒரு தடவை தொட்டிருந்தால் கொண்டுபோயிருக்க மாட்டேனா?