மெதுவாக ஓடாத வாட்ச்

பழைய வாட்ச் என்றால் மெதுவாகத்தான் ஓடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது தப்பு சார். அழுக்கெடுத்து, எண்ணெய் விட்டு, வேகத்தைச் சரிபார்த்து வைத்தால் புதிய வாட்ச் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். என் கை பட்ட வாட்ச் எதுவும் இதுவரை பின்தங்கியதில்லை. இதைச் சொல்லத்தான் நானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நேற்று என் தங்கை வீட்டுக்கு வந்த உங்கள் ஆள், "பழைய வாட்ச்சுமா, பத்து நிமிஷம் பின்னாடி ஓடியிருக்கு. அத நம்பி ரயில் பாலத்துல எறங்கிட்டாரு பாவம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். தங்கை அழுதபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ பாத்துக் கொடுத்த வாட்ச்சாண்ணா தப்பா ஓடுச்சு?" என்றாள். ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் காதில் இருந்தது.

இறந்துபோனது அவள் கணவன். என்னைவிட ரொம்ப இளையவன், அதனால் அவன் என்றே சொல்கிறேன். நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அச்சகத்தில் மிஷின் பார்த்தான். பெண் பார்க்க வந்தபோது என் வாட்ச் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, வந்த காரியத்தையே மறந்து நின்றவன். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மாமன் மச்சான் உறவெல்லாம் ஊருக்கு. எங்களுக்குள் வாட்ச்தான் உறவு.

நாங்கள் சேர்ப்பதெல்லாம் தினமும் சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரங்கள். எல்லாவற்றுக்கும் சாவி கொடுத்துக்கொண்டிருக்க மாட்டோம், தேய்ந்துவிடும். ஆளாளுக்கு ஒரு மணி காட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். "அண்ணன் வீட்ல வாட்ச் கொட்டிக் கெடக்கு, மணி கேட்டா மட்டும் பக்கத்து வீட்டுக்குத்தான் போகணும்" என்று தங்கை கிண்டல் செய்வாள். கையில் கட்டியிருப்பது ஒன்றுதான் ஓடும். அதைக் கட்டிக்கொண்டு போனை எடுத்து மணி பார்ப்பவனை நாங்கள் மனிதனாகவே மதிக்க மாட்டோம். மாப்பிள்ளை வேலைக்குப் போகும்போது போனைத் தங்கையிடமே விட்டுவிட்டுப் போவான்.

எனக்குத் தனியாக ஒரு பைத்தியம் உண்டு. ரிப்பேர் செய்பவர்கள் மூடுவதற்கு முன் பின்மூடியின் உள்பக்கம் ஊசியால் தங்கள் குறியையும், செய்த வேலையையும், ஆண்டையும் கீறி வைப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த வாட்ச் யார் யாரிடம் சிகிச்சைக்குப் போனது என்று அதில் இருக்கும். அதைப் படிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை.

ஆனால் அப்பாவின் வாட்சை மட்டும் நான் திறந்ததே இல்லை. "வாங்குன நாள்லேர்ந்து இதுக்குள்ள வேற கை படல. மனுஷனும் இப்படித்தாண்டா இருக்கணும்" என்பார். கட்டும்போது சொல்வார், கழற்றும்போது சொல்வார். நான் ஏதாவது சின்னதாக மறைத்தால் வாட்சைத் தூக்கிக் காட்டித்தான் திட்டுவார். அவர் போன பிறகு என்னிடம் வந்தது. மற்ற வாட்சுகளை நான் சேர்த்தேன், அந்த வாட்ச்தான் என்னை வளர்த்தது என்றே சொல்லலாம்.

போன வருஷம் அதன் கண்ணாடி விரிசல் விட்டது. அதை நானே கழற்ற மனம் வரவில்லை. மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். புதுக் கண்ணாடி போட்டுத் திருப்பித் தந்தான். தரும்போது ஏதோ சொல்ல வந்தவன் போல நின்றான், பிறகு "பத்திரமா வைங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாட்ச் சேர்ப்பவர்கள் சிலர் அவ்வப்போது ஒரு வீட்டில் கூடுவோம். எங்களுக்குள் ஒரே சட்டம். டயலில் எந்தக் கம்பெனியோ, உள்ளே ஓடும் மிஷினும் அதே கம்பெனியாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் கலப்படம். இந்த முறை என் வீட்டில் கூடினோம். அப்பா சொன்னதை எல்லோரிடமும் பலமுறை சொல்லியிருந்தேன். காட்டுங்கள் காட்டுங்கள் என்றார்கள். சரி என்று முதல்முறையாகத் திறந்தேன். பல் டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், வீட்டு வாசல்ல ஒரு பேரு, உள்ள வேற ஆளு குடியிருக்கான்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். சத்தம் போடவில்லை. "எனக்கும் அப்பாவுக்கும் நடுவுல இருந்தது இது ஒண்ணுதான். நீ எடுத்தியா மாப்ளே?"

வாட்சை எடுத்து மூடினான். பிறகு, "ஆமா மச்சான். நான்தான் மாத்தினேன். பழைய மிஷின் இப்ப எங்கிட்ட இல்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. மாமாவ நெனச்சு மனசக் கெடுத்துக்காதீங்க" என்றான்.

கூடவே இருந்து குழிபறித்தவனை என்ன செய்ய முடியும்? என் தங்கையைக் கொடுத்தேன். என் அலமாரிச் சாவியைக் கொடுத்தேன். என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக ஒப்புக்கொள்கிறான். நெஞ்சு வெந்துவிட்டது சார். அதன் பிறகு அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பார்வையில் ஒரு பரிதாபம் இருந்தது. திருடியவன் எனக்காகப் பரிதாபப்பட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவன் எப்படி வேலைக்குப் போவான் என்று உங்களுக்குத் தெரியும். ரயில் பாலத்தின் மேல்தான். சாலையில் போனால் சுற்று. நிறையப் பேர் ரயிலுக்கு முன்னும் பின்னும் நேரம் பார்த்து நடந்துவிடுவார்கள். ஒதுங்க இடம் கிடையாது. கீழே மதகிலிருந்து விழும் தண்ணீரின் இரைச்சலில் ரயில் வருவதும் கேட்காது. பாலத்துக்கு முன் நின்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பான். நேரம் இருந்தால் நடப்பான். அந்தக் காலை ரயில் தாமதமாக வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் வாட்ச் எண்ணெய் விடுவதற்காக என்னிடம் இருந்தது. அவன் இறந்த அன்று காலை வாங்கிக்கொள்ள வந்தான். என் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, சுத்தமாகச் செய்திருந்தேன். கடைசியில் முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தேன். அவ்வளவுதான். அவன் காதருகே வைத்துக் கேட்டான். "என்னா ஓட்டம் மச்சான், உங்க கையே கை" என்றான். கட்டிக்கொண்டு மணி பார்த்தான். நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்தான். டீ போட்டுக் கொடுத்தேன். ஊதி ஊதி மெதுவாகக் குடித்தான். போகும்போது, "இன்னும் கோவமா?" என்றான். இல்லை என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

ஆகவே நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். வாட்ச் பின்தங்கவில்லை. நான் வைத்த மணியிலிருந்து, அடிபட்டு நிற்கும்வரை, அது சரியாகவே ஓடியிருக்கிறது. தங்கையிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அப்பாவின் வாட்சைக் கேட்கிறீர்களா, கொண்டுவந்திருக்கிறேன். பின்மூடியைத் திறந்து தருகிறேன். லென்ஸைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். ஊசிக் கீறல் தெரிகிறதா? ஏதோ ஒரு ரிப்பேர்க்காரரின் குறி. பக்கத்தில் இருப்பது மிஷினையே மாற்றியதற்கான குறி. கீழே ஆண்டு. ஆமாம், அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலம். மாப்பிள்ளை அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். கண்ணாடி மாற்றத் திறந்தபோது இதைத்தான் பார்த்திருப்பான்.

எப்போது படித்தேன் என்றா கேட்கிறீர்கள்? அவன் ஒப்புக்கொண்டுவிட்டுப் போன அன்றே படித்தேன். படித்துவிட்டு மூடி வைத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் சார். அப்பா பொய் சொல்கிற மனிதர் இல்லை. இவன் தன் வாயாலேயே சொன்னான், நான்தான் மாற்றினேன் என்று. ஒரு மனிதன் எதிரில் உட்கார்ந்து ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டு, ஒரு கீறலையா நம்பச் சொல்கிறீர்கள்?