இங்கேயே உட்கார்ந்திரு

பாங்காக்கில் நல்ல மாம்பழம் வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் மற்றவர்கள் அழுத்திப் பார்த்துவிட்டு வைத்துப் போனவை. ஆறாம் நாள் காலையில் நான் ஏழரைக்கே கீழே போய் இரண்டு பழம் வாங்கி வந்தேன். ஒன்றைத் தோல் சீவி, நறுக்கி, உன் அம்மாவுக்குக் கொடுத்தேன். முழுவதையும் சாப்பிட்டாள். இதை முதலில் சொல்லக் காரணம், அன்றைக்கு அவள் வெறும் வயிற்றோடு வெளியே வந்தாள் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

உட்கார், ஹுவி மின். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்திருக்கிறது, நீ சரியாகத் தூங்கியிருக்க மாட்டாய். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

பன்னிரண்டு நாள் பயணம் என்று யோக் லான்தான் கிளப்பிவிட்டாள். நம் ஊர் மெங்லெம்புவில் கடலை ஆலையில் நானும் அவளும் உன் அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்து சொத்தைக் கடலை பொறுக்கியவர்கள். முப்பது வருஷம். ஓய்வு பெற்ற பிறகு எங்காவது போக வேண்டும் என்று பேசிப் பேசியே நான்கு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் உன் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. அவளை விட்டுவிட்டுப் போகலாமா என்று யோக் லான் கேட்டபோது, முடியாது என்று சொன்னவள் நான். நீயும் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு, “பெங் ஆண்ட்டி, நீங்க கூட இருந்தா எனக்குக் கவலையே இல்ல. அம்மா உங்க பேச்சு ஒண்ணைத்தான் கேக்குறாங்க” என்றாய். உண்மைதான். நான் சொன்னால் மருந்து குடிப்பாள். நான் சொன்னால் செருப்பு மாட்டுவாள்.

முதல் ஐந்து நாளும் நன்றாகவே போயின. துணிச்சந்தையில் யோக் லான் கடைக்காரப் பெண்களிடமிருந்து கணக்குப் பொறியைப் பிடுங்கி, அவர்கள் அடித்த விலையை அழித்து, தன் விலையை அடித்துக் காட்டுவாள். “இந்தத் துணிக்கு முந்நூறா? ஒரு தும்மல் போட்டா கிழிஞ்சிடும்” என்று நம் மொழியில் சொல்வாள். அவர்களும் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்தபடி நிற்பாள். மணிக்கு ஒரு தரம், “ஆ பெங், இது எந்த ஊரு?” என்பாள்.

“சொர்க்கம்டி” என்பாள் யோக் லான். “திரும்பிப் போற டிக்கெட்டோட வந்திருக்கோம்.”

உன் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு மறுபடியும் கேட்பாள்.

யாவோராட் தெருவில் வாத்து நூடுல்ஸ், அரண்மனை, தங்க புத்தர், எல்லாம் பார்த்தோம். மூன்றாம் நாள் படகில் அக்கரைக்குப் போனோம். ஆற்றை ஒட்டி ஒரு சின்னக் கோயில். கூட்டம் இல்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. அதில் உட்கார்ந்து மீனுக்கு ரொட்டி போட்டோம். உன் அம்மாவுக்கு அந்த இடம் பிடித்துப் போயிற்று. எனக்கும்.

ஐந்தாம் நாள் மதியம் மறுபடி ஆற்றுப் படகில் போய்க்கொண்டிருந்தோம். யோக் லான் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். உன் அம்மா தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாடையில் வழிந்ததை நான் துடைத்துவிட்டேன். அப்போது சொன்னாள், “கா செங் இந்த வருஷமும் கூப்பிடலடி.”

கா செங் என் மகன். நீ அவனை மறந்திருப்பாய், அவன் போகும்போது நீ இரண்டாம் வகுப்பு. ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ள மதம் மாறினான். என் வீட்டுக்காரர் அவன் துணிமணியை ரோட்டில் வீசினார். அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருஷமாக நான் அவனைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் ஒன்பது வருஷமாயிற்று. அதற்கும் அவன் வரவில்லை.

“எங்கே கூப்பிட்டான்?” என்றேன்.

“எங்க வீட்டுப் போனுக்குத்தான். வருஷா வருஷம் புத்தாண்டுக்கு முந்தின நாள் கூப்பிடுவான்ல. அம்மா இருக்காங்களான்னு கேப்பான். இல்லப்பான்னு சொல்லுவேன். அப்புறம் வச்சிடுவான். ஒரு தடவை அழுதான்.”

“எத்தனை வருஷம்?”

“ரொம்ப வருஷம்.” விரலை மடக்கி எண்ணப் பார்த்தாள். எண் தப்பிவிட்டது. “இப்பதான் கூப்பிடுறதில்ல. நம்பர் மறந்துட்டானோ என்னவோ.”

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். “சொல்லக் கூடாதுல்ல” என்றாள். ஐஸ்கிரீமை என் வாய்க்கு நேரே நீட்டினாள். “ஒரு வாய் சாப்பிடு, ஆ பெங். கரைஞ்சு போகுது.”

நான் ஒரு வாய் சாப்பிட்டேன்.

நீ ஒரு நிமிஷம் என் இடத்தில் இருந்து யோசித்துப் பார். புத்தாண்டுக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு நான் வருஷா வருஷம் அவனுக்கென்று ஒரு கிண்ணம் வைப்பேன். வீட்டுக்காரர் முறைப்பார், ஆனாலும் வைப்பேன். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக என் வாசலில் வந்து நிற்பது உன் அம்மாதான். சிவப்புச் சட்டை, கை நிறைய ஆரஞ்சுப் பழம். முந்தின நாள் என் மகனின் குரலைக் கேட்ட காதோடு வந்து நின்று, “இந்த வருஷம் உனக்கு எல்லாம் நல்லதா நடக்கும்டி” என்று வாழ்த்துவாள். அவள் கையால் வாங்கிய பழத்தை நான் உரித்துத் தின்றிருக்கிறேன். ஆலையில் எனக்குக் காய்ச்சல் வந்தால் என் பங்குக் கடலையையும் பொறுக்கியவள், என் அம்மா செத்தபோது மூன்று நாள் என் வீட்டிலேயே படுத்திருந்தவள். அவளை விட எனக்கு யார் இருந்தார்கள்? வெளியாள் செய்தால் அது வேறு.

அன்று நான் சத்தம் போடவில்லை. வழக்கம்போல அவளுக்கு மருந்து கொடுத்தேன், கால்களுக்குத் தைலம் தேய்த்தேன். சத்தம் போட்டு என்ன பயன்? காலையில் மறந்துவிடுவாள். எனக்கு மட்டும்தான் அது மிச்சம் இருக்கும். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் யோக் லானிடம், “உன் கால் வீங்கியிருக்கு, நீ மசாஜ் கடைக்குப் போய் காலைப் பிடிச்சு விடச் சொல்லு. நாங்க ரெண்டு பேரும் துணிச்சந்தைக்குப் போயிட்டு வர்றோம்” என்றேன். அவளுக்குச் சந்தோஷம். இன்றைக்கும் அந்தக் கடையில் இரண்டு மணி நேரம் காலை நீட்டிக்கொண்டு கிடந்ததற்காக அவள் தன்னைத் திட்டிக்கொள்கிறாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீ சொல்லிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டாள்.

மாம்பழம் சாப்பிட்ட பிறகு உன் அம்மாவைக் குளிப்பாட்டினேன். தலை வாரினேன். சாம்பல் நிறச் சட்டையை எடுத்தேன். பூப்போட்ட சட்டைதான் வேண்டும் என்றாள், இது குளிர்ச்சியாக இருக்கும் என்றேன். இப்போது உன் கேள்விக்கு வந்துவிட்டேன். நீ ஐந்து சட்டையிலும் உள்பக்கம் ஊக்குப் போட்டு, ஹோட்டல் பெயரும் உன் நம்பரும் எழுதிய அட்டையைக் குத்தி அனுப்பியிருந்தாய். ஆற்றிலிருந்து எடுத்தபோது ஊக்கு மூடியபடி இருந்தது, அட்டையை மட்டும் காணோம், மறதிக்காரி அட்டையைக் கழற்றிவிட்டு ஊக்கை மறுபடி மாட்டுவாளா என்று கேட்டாய். மாட்ட மாட்டாள். நான்தான் கழற்றினேன். ஊக்கைத் திறந்து விட்டிருந்தால் அவள் உடம்பில் குத்தியிருக்கும்.

பத்து மணிக்கு அக்கரையில் இறங்கினோம். பெஞ்சில் நிழல் இருந்தது. தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். ரொட்டியையும் கொடுத்தேன், மீனுக்குப் போட. நான் அவளைத் தள்ளவில்லை, திட்டவும் இல்லை. அந்த ஊரில் நம் முகம் யாருக்கும் வேற்று முகம் இல்லை. நிழலில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கிழவி, அவ்வளவுதான்.

“ஆ யிங், இங்கேயே உட்கார்ந்திரு” என்றேன். “நான் வர்ற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்காதே.”

“சீக்கிரம் வந்துடுவியா?”

“வந்துடுவேன்.”

“சரிடி” என்றாள். மீனைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

திரும்பும் படகில் எனக்குக் கூச்சமோ நடுக்கமோ இல்லை. பசித்தது. இக்கரையில் சிப்பி ஆம்லெட் சாப்பிட்டேன். பிறகு நிஜமாகவே துணிச்சந்தைக்குப் போனேன். எனக்கு ஒரு சட்டை எடுத்தேன். கைப்பழக்கத்தில் உன் அம்மா அளவுக்கும் ஒன்று எடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு யோக் லானைக் கூப்பிட்டு, ஆ யிங்கைக் காணோம் என்றேன்.

போலீஸ்காரர் சின்ன வயசு, ரொம்ப மரியாதை. சீன மொழி தெரிந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். துணிச்சந்தையில், மூன்றாவது மாடி, நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் என்றேன். என்ன சட்டை? பூப்போட்ட சட்டை என்றேன். ஆட்களை அங்கே அனுப்பினார்கள். யோக் லான் ஒவ்வொரு கடையாக நுழைந்து, “ஆ யிங், ஆ யிங்” என்று தொண்டை கட்டும் வரை கத்தினாள். நானும் கூடவே நடந்தேன்.

ஆறு மணிக்கு மழை பிடித்தது. என்னை ஹோட்டலில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆறு தெரியாது, மழை மட்டும்தான் தெரிந்தது. குடை என் பையில் இருக்கிறதே என்று நினைத்தேன். அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். போலீஸ்காரர் கொடுத்த நம்பர் மேசைமேல்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அவளை ஆற்றில் கண்டெடுத்தார்கள். தானாகவே ஏதாவது படகில் ஏறிப் போயிருப்பாள், சட்டையைப் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், மறதிக்காரி ஆயிற்றே. கோயிலில் கூட்டிப் பெருக்கும் பெண் சொன்னதை நீ கேட்கவில்லை. நீ வந்து சேர்வதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் அவள் சோறு கொண்டு வந்து கொடுத்தாளாம், உன் அம்மா சாப்பிட்டாளாம். வெயில் ஏறியதும் உள்ளே வரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாளாம். உன் அம்மா பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்று தலையாட்டினாளாம். மழை பிடித்த பிறகு ஒரு பிக்குவைக் கூட்டிவர அந்தப் பெண் உள்ளே ஓடியிருக்கிறாள். அவர்கள் திரும்பி வரும்போது பெஞ்சில் பாட்டில் மட்டும் இருந்தது. வந்த படகு எதையோ பார்த்து, நான்தான் வருகிறேன் என்று படியில் இறங்கியிருப்பாள். ஆக, மூன்று மணிக்கு நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், அவள் அங்கேயே உட்கார்ந்திருந்திருப்பாள். மூன்று மணிநேரம் இருந்தது. எனக்குத் தெரியும்.

நீ இப்போது யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். ஏன் செய்தீர்கள் என்றுதானே கேட்கப் போகிறார்கள்? அவள் எனக்குத் துரோகம் செய்தாள், என் மகனை என்னிடமிருந்து இருபத்து மூன்று வருஷம் மறைத்தாள் என்று சொல்வேன். அந்த ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான். சொல்லச் சொல்ல அது உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

ஆனால் உன்னிடம் மட்டும் இதையும் சொல்லிவிடுகிறேன். அவன் போன முதல் வருஷம், புத்தாண்டுக்கு முந்தின நாள், நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் அம்மா ஒரு காலில் மட்டும் செருப்போடு பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். “ஆ பெங், கா செங் லைன்ல இருக்கான். வச்சிடப் போறான், ஓடி வாடி” என்றாள். என் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. பட்டறைக்குப் போயிருந்தார். என்னைத் தடுக்க யாருமே இல்லை.

நான் தலையைத் தூக்கவில்லை. “நான் செத்துட்டேன்னு சொல்லு” என்றேன். “எப்ப கூப்பிட்டாலும் அதையே சொல்லு. என்கிட்ட வந்து சொல்லக் கூடாது.”

அவள் அதே ஒற்றைச் செருப்போடு திரும்பி ஓடினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செத்துவிட்டாள் என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது, இல்லை என்று மாற்றிக்கொண்டாள். நான் சொன்னதில் உன் அம்மா தெரிந்தே மீறியது அது ஒன்றுதான்.