கம்பெனி ஆள்

எங்கள் தீப்பெட்டி ஆபீசில் ஆயுத பூஜைப் பொரி நன்றாக இருக்கும். நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன்; பூஜைத் தட்டைத் தொடுவதில்லை. பொரியை மட்டும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோவேன். முதலாளி வெளியூரில் இருந்ததால் மேனேஜரான நான்தான் முதல் தட்டு வாங்க வேண்டும். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி முதல் தட்டு வாங்குகிறவர் வாய்ச்சொல்தான் கம்பெனியின் சொல்.

எழுபத்தெட்டில் அந்தத் தட்டைத் தங்கப்பாண்டியனிடம் கொடுக்கச் சொன்னேன். குளத்தூர்ப் பக்கம் வேன் ஓட்டிப் போய், பெட்டி ஒட்டுகிற வீடுகளுக்குத் தாள் கொடுத்துப் பெட்டி வாங்கி வருகிறவன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நான் இல்லாத நேரங்களில் என் நாற்காலியில் உட்காரவும் விட்டேன். ஒருநாள் நியமன உத்தரவு கேட்டான்.

"ஊருக்கே ஒன்னத் தெரியும். பேப்பரு எதுக்குல?" என்றேன். அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்த ஐப்பசி அடைமழையில் வேலை நின்றது. கலக்கி வைத்த தீக்குச்சி மருந்து மிஞ்சி, பிறகு அடித்த வெயிலில் கட்டிதட்டிப்போனது. அதைத் தண்ணீரில் கரைத்துக் கொட்டிவிட வேண்டும். உலர்ந்ததை இடித்தால் பற்றும். மருந்துக் கொட்டகையில் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். பெட்டி ஒட்டுகிறவர்களுக்குத் தெரியாது. வேன் ஓட்டுகிறவனுக்கும் தெரியாது. முதலாளிக்கு அதைக் கொட்ட மனமில்லை; இடித்துத் தூளாக்கி மறுபடி கலக்கச் சொன்னார். எனக்கு அதை எங்கள் கட்டிடத்துக்குள் இடிக்க மனமில்லை. மூட்டையாகக் கட்டி, வெளியே இடித்து வாங்கி வரச் சொல்லித் தங்கப்பாண்டியனிடம் கொடுத்தேன்.

அவன் அதைப் பெட்டி ஒட்டுகிற வேலுத்தாய் வீட்டில் இறக்கியிருக்கிறான். நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி பின்னால் சொன்னாள்.

"தம்பி, இத வீட்டு உரல்ல இடிக்கலாமா? கம்பெனிக்குத் தெரியுமா?" என்று வேலுத்தாய் கேட்டிருக்கிறாள்.

"நான் வந்திருக்கேன்லா. கம்பெனி வேற தனியா வரணுமாக்கும்?"

இடிக்கும்போதே மருந்து பற்றி வெடித்தது. வேலுத்தாயும் இரண்டு மருமகள்களும் போய்விட்டார்கள். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். ஒன்றரை மைலும் நடந்தே போனேன். கரிசல் சேறு செருப்பைப் பிடுங்கியது.

விசாரணையில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஐயா. அவனுக்கு நியமனம் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். அதிகாரம் எழுதிக் கொடுத்ததா கம்பெனி என்றார்கள். இல்லை என்றேன். வேலுத்தாயின் புருஷன் சோலைச்சாமி மட்டும் எழுந்தார்.

"அவரு கம்பெனி வேனுல வந்தாரு. மேனேசரு நாற்காலியில இருந்தாரு. அவரு கம்பெனி இல்லன்னா நாங்க யாரத்தான் நம்பணும்?"

யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. தங்கப்பாண்டியன் என்னையே பார்த்தான். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கம்பெனி தப்பித்தது. அவன் ஜெயிலுக்குப் போனான்; போன மாதம் அங்கேயே தூக்குப் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் உங்கள் முன்னால் வாக்குமூலம் கொடுக்க நானாக வந்தேன்.

கம்பெனி அவனைத் தன் ஆள் என்று ஊரை நம்ப வைத்ததா என்கிறீர்கள். ஆமாம், வைத்தது. நான்தான் வைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் உதறிவிட வசதியாக ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது.

மூட்டையில் இருப்பது என்ன என்று தெரிந்திருந்தால் அவன் அதை வேனில் ஏற்றியிருக்க மாட்டான். அதனால் சொல்லவில்லை. ஆனால் ஐயா, அவனிடமும் நான் பொய் சொன்னதில்லை.